காப்புக் கட்டியவன் எல்லை தாண்டினானா?

அனுப்புநர்:
முருகையா த/பெ செல்லையா,
தேயிலை ஆலைத் தொழிலாளி மற்றும் மாரியம்மன் கோயில் பூசாரி,
மூன்றாவது லயம், சுங்கை மெலாத்தி தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
திருமதி உமாதேவி அவர்கள்,
சிறுவர் நன்னடத்தை அதிகாரி,
சமூக நல இலாகா,
தானா ராத்தா.

பொருள்: என் மகன் அகிலன் கொலை வழக்கில் கைதாகியிருக்கும் புனிதன் (வயது 16) என்பவனைப் பெரியவனாகவே வைத்து விசாரிக்க வேண்டும் என்று நான் முன்பு கொடுத்த மனு தொடர்பாகவும், அவன்தான் கொலை செய்தானா என்று இப்போது எனக்கு எழுந்திருக்கும் சந்தேகம் தொடர்பாகவும்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். அரசாங்கத்துக்கு மலாயில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் முதல் மனு மலாயில்தான் போனது. அதை வேறொருவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். அதில் என்னென்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. அதனால் இந்த முறை எனக்குத் தெரிந்த எழுத்தில், என் கையாலேயே எழுதுகிறேன். தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கோயில் தலைவருக்கும் தங்களுக்கும் உறவோ பழக்கமோ கிடையாது என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்படி விசாரித்ததற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தபின் யாரையும் சட்டென்று நம்ப முடியவில்லை.

1. என் மகன் அகிலனுக்கு வயது இருபத்து நான்கு. தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தான். எங்கள் மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்த சனிக்கிழமை, மாலை இருட்டுவதற்கு முன், லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறிக் கொட்டகைக்குப் பின்னால் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது.

2. மறுநாள் காலையில் எங்கள் கோயில் தலைவர் தங்கையா, இந்தப் பையன் புனிதனைத் தம் காரில் ஏற்றிப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். தங்கையா எங்கள் தோட்டத்து மண்டோரும் ஆவார். யாருக்கு எந்த மலையில் வேலை என்று காலையில் சொல்பவர் அவர்தான். பலர் முன்னால் அகிலன் தன்னை அறைந்ததாகவும், அந்தக் கோபத்தில் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போய்க் குத்திவிட்டதாகவும் பையன் வாக்குமூலம் கொடுத்தான். அந்தப் பலர் யார் என்று நான் தோட்டம் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். அறைந்ததைப் பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அறைந்திருப்பான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

3. பத்திரிகையில் பையனின் பெயரைப் போடவில்லை. சட்டம் அப்படியாம். என் மகன் பெயரைப் படத்தோடு போட்டார்கள். சிறுவன் என்பதால் இவனுக்குத் தூக்கு இல்லை, பெரியவர்களுக்கான ஜெயில் இல்லை என்று அறிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மகனைக் குத்திய கத்தி, குத்தியவனின் வயதைக் கேட்டுக்கொண்டு பாதி ஆழத்தில் நிற்கவில்லையே. கொலை செய்யும் அளவுக்கு வளர்ந்தவன் தண்டனைக்கும் வளர்ந்தவன்தான் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் மனம் மாறிவிட்டதாகவோ மன்னித்துவிட்டதாகவோ தாங்கள் எண்ணிவிட வேண்டாம்.

4. அந்த ஆத்திரத்தை நான் தலைவர் தங்கையாவிடம் சொன்னபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மனு எழுதுவோம், தோட்டமே உன் பின்னால் நிற்கும் என்றார். அவரே ஆள் வைத்து எழுதினார். அவரே கையெழுத்து வாங்கினார். அம்மா, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதக் கையெழுத்து வாங்குவதற்குள் குழாயே துருப்பிடித்துவிடும். இந்த மனுவுக்கு மட்டும் பூஜை முடிந்து பிரசாதம் கொடுத்து முடிப்பதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்போது நெகிழ்ந்து அழுதேன். பிறகுதான் யோசித்தேன், பையனைப் போலீஸில் விட்டவரும் இவர், பையனுக்கு இப்போது வக்கீல் வைத்துக் கொடுத்திருப்பவரும் இவர், அவனைப் பெரியவனாக விசாரி என்று எனக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் இவர். ஒரே மனிதர் எல்லாப் பக்கத்திலும் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

5. பையனை முதல் தடவை கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் போயிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்துச் சபிக்கத்தான் போனேன். அவன் முகத்தைத் தூக்கவே இல்லை. அதனால் கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் காப்பு இருந்தது. மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு வைத்து நான் கட்டிய காப்பு. முடிச்சு என்னுடையது. திருவிழாக் காப்பை அவிழ்க்க வேண்டியவனும் நான்தான். ஆனால் வீட்டில் சாவு விழுந்து எனக்குத் தீட்டு வந்துவிட்டது. தீமிதியை நிறுத்திவிட்டு மற்றவர்களின் காப்பை வேறொருவர் அவிழ்த்து ஆற்றில் விட்டார். இந்தப் பையன் உள்ளே இருந்ததால் அவன் கையில் மட்டும் தங்கிவிட்டது.

6. தாங்கள் அறிந்திருக்கலாம். இருந்தாலும் கோப்பில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை என்பது தோட்டத்து கேட்டில் நட்டிருக்கும் சூலம். ஆலைக்குப் போகலாம், மலைக்கு வேலைக்குப் போகலாம், எல்லாம் உள்ளே இருக்கிறது. சூலத்தைத் தாண்டித் தார் ரோட்டில் கால் வைக்கக் கூடாது. போன வருஷம் காப்புக் கட்டியிருந்த ஒருவருக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். மேனேஜர் வந்து கத்தினார். என்ன கத்தியும் ஆள் அசையவில்லை. கடைசியில் கிளினிக் டிரெசரை உள்ளே அழைத்துவந்து ஊசி போட்டோம். புனிதன் தன் அம்மாவின் மார்புச் சளி தீர வேண்டும் என்று முதல் தடவையாகத் தீமிதிக்கக் காப்புக் கட்டினான். லெம்பா பெர்த்தாம் சூலத்துக்கு வெளியே இருக்கிறது.

7. கொலை செய்யத் துணிந்தவன் ஒரு நூலுக்கா பயப்படுவான் என்று தாங்கள் கேட்கலாம். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டேன். சாமியாடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பக்தியை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள நான் முட்டாள் இல்லை. அதனால் இந்த ஒன்றை வைத்து நான் எழுத வரவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைவர் பையனைக் காரில் கொண்டுபோனபோது, கார் கேட்டில் வந்து நின்றவரை அவன் அமைதியாக இருந்தானாம். சூலத்தைத் தாண்டும்போதுதான் வாய்விட்டு அழுதானாம். கேட்டுக் காவலாளி இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார், செய்த பாவம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று. முதல் நாளே அதைத் தாண்டிப் போய்க் கொலையும் செய்துவிட்டு வந்தவன், மறுநாள் அதே இடத்தில் ஏன் அழுகிறான்? 

8. அந்தச் சனிக்கிழமை மாலை நான் கருவறையில் திரை போட்டு அம்மனுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். வெளியே உறுமி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் தோட்டத்தில் உறுமி அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மகன் அகிலன். இன்னொருவன் புனிதன். காப்புக் கட்டாத என் மகன் அந்த நேரத்தில் பெர்த்தாமில் இருந்தான் என்பது போலீஸுக்கும் தெரியும். அப்படியானால் அடித்தது யார்? திரையை விலக்கி நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டேன். அன்று வெளியே கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர், ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தோம் என்றார். ஒருவர், திரிங்காப்பிலிருந்து மேளக்காரர்கள் வந்திருந்தார்கள் என்றார். இன்னொருவர், அன்றைக்கு உறுமியே அடிக்கவில்லையே என்றார். ஒரே பொய்யை எல்லோரும் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். ஆளுக்கு ஒன்று சொன்னதால்தான் என் சந்தேகம் உறுதியானது.

9. காப்பு இன்னும் பையன் கையில் இருக்கிறது என்று நான் யோசிக்காமல் கோயிலில் ஒரு நாள் சொல்லிவிட்டேன். தலைவரும் அங்கே இருந்தார். அடுத்த கோர்ட் தவணைக்குப் பையனைக் கொண்டுவந்தபோது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. யார் அறுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போலீஸ் லோக்காப்பில் கயிறு கூடாது என்று விதி இருக்கலாம், அதன்படியே எடுத்திருக்கலாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு காப்பைப் பற்றி வெளியில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. காப்பை வைத்து எனக்கு வந்த சந்தேகத்தை அறிந்தவள் என் மனைவி செல்லம் ஒருத்திதான்.

10. பையனின் அம்மா பெயர் பவளம். கொழுந்து வெட்டும் வேலை. புருஷன் இறந்தபின் வேலையிலும் லயத்து வீட்டிலும் அவளைத் தொடர்ந்து இருக்கவிட்டவர் தங்கையா. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அவள் ஒரு முறை என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். என் காலில் விழுவாள், மன்னிப்புக் கேட்பாள், அப்போது துரத்தி அடிக்க வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவள் விழவில்லை. அழவும் இல்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்ணே, எம்புள்ள சின்னப் பையன்தானே, ரெண்டு மூணு வருஷத்துல வந்துருவான்னு தலைவரு சொன்னாருண்ணே. உள்ளயே படிக்கவும் வைப்பாங்களாம்லா. அது நெசந்தானாண்ணே?" கொலைகாரனைப் பெற்றவள் செத்தவனின் தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது? கோலாலம்பூருக்கு வேலைக்கு அனுப்புகிற பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

11. அவள் கேட்டது நிஜமா என்று தெரிந்துகொள்ள, தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அபூபக்கர் பாயின் மகள் நஜிஹாவிடம் போனேன். அந்தப் பிள்ளை ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறது. கொலைக் குற்றம் உறுதியானால் சிறுவனுக்குத் தூக்கு இல்லை என்பது உண்மைதான் என்றும், ஆனால் சுல்தான் அவர்கள் விரும்பும் காலம்வரை உள்ளே வைக்கலாம், இத்தனை வருஷம் என்று கணக்கு இல்லை என்றும் நஜிஹா விளக்கியது. இரண்டு மூன்று வருஷம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாதாம். ஆக, பவளத்துக்கும் பையனுக்கும் சொல்லப்பட்டது பொய். இது தலைவருக்குத் தெரியாமல் சொன்ன பொய்யா, தெரிந்தே சொன்ன பொய்யா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. ஆனால் அவருக்கு வக்கீல் இருக்கிறார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

12. இனி நான் எழுதப்போவதுதான் எனக்கு ஆபத்தானது. தலைவரின் மகன் அர்ஜுனன், வயது இருபத்தேழு, காய்கறி லோரி ஓட்டுகிறவன். லெம்பா பெர்த்தாமில் அவன் சரக்கு ஏற்றுகிற கொட்டகைக்குப் பின்னால்தான் என் மகன் கிடந்தான். திருவிழாவுக்குச் சில நாள் முன்பு அகிலன் சோறு சாப்பிடும்போது, ஸ்டோரில் உரமூட்டை குறைகிறது, குறைகிற மூட்டை எந்த லோரியில் ஏறுகிறது என்று பார்த்துவிட்டேன், கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்வதற்கு முன்னால் அந்த லோரி ஓட்டுகிறவனிடமே நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றான். எந்த லோரி என்று நான் கேட்டேன். சொல்லவில்லை. இந்த வருஷம் அர்ஜுனன் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து தவறாமல் கட்டிக்கொண்டவன், கடைசி நேரத்தில் லோரி வேலை இருக்கிறது, வெளியே போய்வர வேண்டும் என்று சொல்லி ஒதுங்கினான். என் மகன் சாவுக்கு அவன் வரவில்லை. ஜொகூரில் புது வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அவனை யாராவது விசாரித்தார்களா என்று போலீஸ் நிலையத்தில் கேட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆள் உள்ளே இருக்கும்போது வேறு யாரை விசாரிப்பது என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் காப்பும் சூலமும் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

13. இந்த இடத்தில் எனக்கு ஒன்று புரிகிறது. சிறுவனைச் சிறுவனாக விசாரிப்பதா, பெரியவனாக விசாரிப்பதா என்று தோட்டம் முழுக்க வாக்குவாதம் நடக்கிறது. டீக்கடையில், கோயிலில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு. அதில் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். எப்படி விசாரிப்பது என்று எங்களைச் சண்டை போடவிட்டு, யாரை விசாரிப்பது என்ற கேள்வியை ஒருவர் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார் என்று சந்தேகப்படுகிறேன். சிறுவர்களுக்கு இரக்கம் காட்டும் சட்டம் இருப்பதால்தான் பெரியவர்கள் சிறுவனைத் தேடிப் பிடித்து முன்னால் தள்ளுகிறார்கள். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நான் படித்தவன் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தை என் மகனைக் கொன்றவன் பயன்படுத்திக்கொண்டால், அதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

14. பையன் அடுத்த தவணையில் குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்வான் என்று தலைவர் என்னிடம் நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். அப்படி ஒப்புக்கொண்டுவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். பையனின் குடும்பம், குணம், படிப்பு பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு தங்களுடையது என்று நஜிஹா மூலம் அறிந்தேன். பையனோடு உட்கார்ந்து அவன் பாஷையில் பேசக்கூடிய ஒரே அதிகாரி தாங்கள்தான். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்:

(அ) தவணைக்கு முன்னால் புனிதனைத் தனியாகச் சந்திக்க வேண்டும். தலைவரோ, அவர் வைத்த வக்கீலோ, பவளமோகூட அந்த அறையில் இருக்கக் கூடாது. பவளம் பக்கத்தில் இருந்தால் அவன் அம்மாவின் வீட்டை நினைத்துக்கொண்டே பதில் சொல்வான்.

(ஆ) இரண்டு மூன்று வருஷம் என்பது பொய் என்று முதலில் அவனுக்கு விளக்க வேண்டும். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து அவன் ஒப்புக்கொள்ளட்டும்.

(இ) சனிக்கிழமை மாலை உறுமி அடித்தது யார் என்று தோட்டத்து மக்களை அதிகாரி என்ற முறையில் தாங்கள் கேட்க வேண்டும். பூசாரியிடம் பொய் சொல்கிறவர்கள் அரசாங்கத்திடம் கொஞ்சம் யோசிப்பார்கள்.

(ஈ) அர்ஜுனன் அந்த மாலை எங்கே இருந்தான் என்று விசாரிக்கும்படி, இந்த மனுவைச் சேர்த்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும்.

15. இந்த மனுவைத் தபாலில் போடவில்லை. தோட்டத்துத் தபாலெல்லாம் யார் கை வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். நஜிஹா நேரில் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு நகல் அந்தப் பிள்ளையிடமே இருக்கும். நான் எழுதினேன் என்று வெளியே தெரிந்தால் ஆலை வேலையும் கோயில் வேலையும் போகும் என்று செல்லம் பயப்படுகிறாள். போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் மொட்டைக் கடிதம் போடாமல் முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன்.

16. கடைசியாக ஒரு வேண்டுகோள். சொல்லிக்கொடுத்த பதில்கள் பையனிடம் தயாராக இருக்கும். எங்கே குத்தினாய், கத்தி எங்கே, எப்படிப் போனாய் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவான். அதனால் அவற்றைக் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அகிலன் கடைசியாக என்ன பேசினான் என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நின்றவனுக்குத்தான் அது தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. பையன் பதில் தெரியாமல் விழித்தால், அவனை அவன் அம்மாவிடம் சேர்க்க வழி பாருங்கள். பதில் சொல்லிவிட்டால், என் முதல் மனுவில் கேட்டபடியே அவனைப் பெரியவனாக வைத்துத் தண்டியுங்கள். ஆனால் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள் அம்மா. அது எதுவாக இருந்தாலும் என் பிள்ளையின் கடைசிப் பேச்சு. அதைக் கேட்க நான் அங்கே இல்லை.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையெழுத்து)
முருகையா த/பெ செல்லையா

இடம்: சுங்கை மெலாத்தி தோட்டம், கேமரன் மலை
நாள்: 12.6.2024